மந்திரவாதிக்கு ஒரு கலை போதுமா?

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்து, ஒருவர் கதையை நடத்த, ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுப் பகடை உருட்டி ஆடும் விளையாட்டொன்று அமெரிக்காவிலே தோன்றி, இன்று பல நாடுகளிலும் பரவியுள்ளது. 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது அதன் பெயர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் ஆக்கிய இஃது 1974-ஆம் ஆண்டில் வெளிவந்தது. வாள்வீரன், திருடன், பூசாரி முதலிய பாத்திரங்களுள் உருவாக்குதற்கு அரியவன் மந்திரவாதியே. அவன் கற்கக்கூடிய மந்திரங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. ஒரு நாளில் பயன்படுத்தத் தக்கவையோ மிகச் சில.

மந்திரத்தை மனத்தில் ஏற்றி, ஓதியதும் மறந்துவிடும் முறையை ஜாக் வான்ஸ் என்னும் கதாசிரியர் 1950-இல் வெளியிட்ட 'மடியும் பூமி' என்ற நூலிலிருந்து கைகாக்ஸ் எடுத்துக்கொண்டார். தேர்வு மண்டபத்தை விட்டு வெளிவந்ததும் பாடத்தை மறக்கும் மாணவரைக் கண்டுள்ள ஆசிரியர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை!

1989-இல் வந்த இரண்டாம் பதிப்பு, எட்டுக் கலைகளுள் ஒன்றில் மந்திரவாதி சிறப்புத் தேர்ச்சி பெற வழி செய்தது. காப்பு, வரவழைப்பு, குறி காணல், வசியம், தீயும் மின்னலும் எழுப்பல், மாயத்தோற்றம், இறப்பு, உருமாற்றம் என்பன அவை. ஆனால், ஒன்றைப் பெறுவோன் வேறு சிலவற்றை இழக்க வேண்டும். 2003-இல் திருத்தப்பட்ட மூன்றாம் பதிப்பின் கணக்கைப் பார்ப்போம். ஐந்தாம் படியிலுள்ள பொது மந்திரவாதிக்கு, அறிவுக்கூர்மையால் வரும் மிகை நீங்கலாக, மூன்றாந்தர மந்திரம் நாளுக்கு ஒன்றுதான். சிறப்புத் தேர்ச்சி பெற்றவனுக்கோ இரண்டு. அஃதாவது, அவனுடைய உயர்ந்த ஆற்றல் இரு மடங்காகிறது. விலை என்ன? இரண்டு கலைகளை அடியோடு கைவிடுதல். குறி காண்போன் மட்டும் ஒன்றைக் கைவிட்டாற் போதும். கைவிட்ட கலையின் மந்திரத்தை ஏட்டுச் சுருளிலிருந்து படித்து ஓதவும் முடியாது.

எவற்றைக் கைவிடுவது? புதியவர் பலர் தீ எழுப்பும் கலையை மட்டும் விடவே மாட்டார். எனக்கோ அதுவே விடத்தக்கதாகத் தோன்றுகிறது. பகைவனைப் புண்படுத்த வில்லாளியும் வாள்வீரனும் உடனிருக்கின்றனர். வானிற் பறப்பதும் கணத்தில் இடம் பெயர்வதும் அவர்களால் ஆகுமா? பறத்தல் உருமாற்றத்தைச் சேர்ந்தது. இடம் பெயர்தல் வரவழைப்பைச் சேர்ந்தது. இவ்விரண்டையும் இழந்தவனின் தோழர்கள் மலையிடுக்கிலே சிக்கித் திகைப்பர்.

தீயொன்றையே கற்றவன் செந்நிற டிராகனை எதிர்கொள்ளும் நாளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தப் பறக்கும் நாகத்தைத் தீ சிறிதும் தீண்டாது. தோழர் உயிருக்குப் போராட, அவன் கைகட்டி நிற்பான். அவனை ஆடுபவரோ அன்று மாலை முழுவதும் வாளாவிருப்பார். விளையாட வந்தவருக்கு இதனினும் பெருந்துன்பம் வேறில்லை.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் கைவிடும் விதியே இல்லை. ஆயினும் இடர் முற்றும் நீங்கவில்லை. ஐந்தாம் படியில், அறிவுக்கூர்மை 18 உடையவன் ஏட்டில் குறைந்தது 14 மந்திரங்களை வைத்திருப்பான். அவற்றுள் 9 மட்டுமே அன்றைக்கு ஆயத்தமாகும். மனத்தை ஒருமுகப்படுத்தி நீட்டிக்க வேண்டிய மந்திரங்களுள் ஒரு நேரத்தில் ஒன்றே நிலைக்கும். ஆகவே, ஒன்பதில் ஆறு அவ்வகையாயின் அவை ஒன்றுக்கொன்று பகையாகும். இரண்டு மூன்று போதும். எஞ்சியவற்றுள் உடலைத் தாக்குவது ஒன்றும், மனத்தைத் தாக்குவது ஒன்றும், தப்புதற்கு ஒன்றும் கட்டாயம் வேண்டும். விரைவாக விலகும் பகைவனிடம் தீயுருண்டை பாதி பயனே தரும். அவனது மனவுறுதி குன்றியதாயின் மயக்கும் மந்திரம் அவனை வீழ்த்திவிடும். பிறமொழி உணர்த்துவது, மந்திரப் பொருளைக் கண்டறிவது போன்றவற்றைச் சடங்காகச் செய்யின், கூடுதலாகப் பத்து நிமிடம் செல்லுமேயன்றி, ஒன்பதில் இடம் கொள்ளா. பல்திறத்தை மலிவாக வாங்கும் வழி இது.

கூட்டத்தின் அளவும் கருதத்தக்கது. சிறிய தோட்டப் பள்ளியிலே கணக்குக் கற்பிப்பவரே விளையாட்டுத் திடலில் ஊதலும் ஊதுவார். அதுபோல மூவர் மட்டுமே ஆடும்போது மந்திரவாதி எல்லாவற்றிலும் சிறிது அறிந்திருக்க வேண்டும். அறுவர் இருப்பின் ஒரு கலையில் ஆழ்ந்து செல்லலாம். அப்போதும் பிற கலை மந்திரம் எழுதிய சுருள் கிடைத்தால் விற்றுவிடலாகாது. முதற்றர மந்திரத்தை ஏட்டிற் படியெடுக்க 50 பொற்காசும் இரண்டு மணி நேரமும் ஆகும். தன் கலையாயின், 2014-ஆம் ஆண்டு விதிப்படி, அதிற் பாதி. மிச்சமான அப்பொன்னைப் பிற கலைகளுக்குச் செலவிடுக.