பெயர்ப்பலகையை வென்ற தேக்கா

சிங்கப்பூர்த் தமிழர் யாரிடமாவது "ஜூஜியாவ் நிலையத்துக்கு எப்படிப் போவது?" என்று கேட்டுப் பாருங்கள். வயதில் மூத்தவர்கள் ஒரு கணம் யோசிப்பார்கள். இளையர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். "தேக்கா எங்கே?" என்று கேட்டால் மட்டும் கை தானாகவே சிராங்கூன் சாலைப் பக்கம் நீளும். இரண்டும் ஒரே இடம்தான். முன்னது பெயர்ப்பலகையில் எழுதப்பட்டிருந்தது. பின்னது மக்கள் வாயில் இருந்தது. கடைசியில் வென்றது மக்கள் வாய்.

மூங்கிலும் எருமையும்

தேக்கா என்றதும் தமிழ்க் காதுக்குத் தேக்கு மரம் நினைவுக்கு வரும். ஆனால் பெயருக்குப் பின்னால் இருப்பது தேக்கு அல்ல, மூங்கில். ரோச்சோர் கால்வாய் ஓரம் ஒரு காலத்தில் மூங்கில் வளர்ந்திருந்தது. அந்தப் பகுதியை ஹொக்கியன் பேசியவர்கள் "தேக் கியா கா", அதாவது சிறு மூங்கில்களின் அடிவாரம் என்றார்கள். அது நாளடைவில் சுருங்கித் தேக்காவானது.

மலாய்க்காரர்கள் இதே வட்டாரத்துக்கு வைத்த பெயர் கண்டாங் கெர்பாவ், எருமைத் தொழுவம். தண்ணீரும் புல்லும் இருந்ததால் 19ஆம் நூற்றாண்டில் இங்கே கால்நடை வணிகம் செழித்தது. மாடு மேய்ப்பதிலும் பால் கறந்து விற்பதிலும் இந்தியர்கள் பெருமளவில் ஈடுபட்டார்கள். மாடுகள் போய்விட்டன, தெருப் பெயர்கள் இன்னும் மேய்ந்துகொண்டிருக்கின்றன. பஃபலோ ரோடும் கெர்பாவ் ரோடும் இரண்டு மொழிகளில் ஒரே எருமை. சற்றுத் தள்ளி லெம்பு ரோடு, அதாவது பசுமாட்டுச் சாலை. பெலிலியஸ் ரோடு ஒரு கால்நடை வணிகரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அருகிலிருந்த மகப்பேற்று மருத்துவமனைக்கும் இந்த வட்டாரத்தின் பெயரே அமைந்தது. கேகே மருத்துவமனையின் இரண்டு 'கே'க்களும் கண்டாங் கெர்பாவ்தான். 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. அது கின்னஸ் சாதனையானது. நம் பெற்றோர், தாத்தா பாட்டிகளில் எத்தனையோ பேர் எருமைத் தொழுவத்தில் பிறந்த சிங்கப்பூரர்கள்!

பலகை மாறியது, பேச்சு மாறவில்லை

முதல் சந்தை 1915ல் எழுந்தது. அது இப்போதைய இடத்தில் இல்லை. சிராங்கூன் சாலைக்கு எதிர்ப்புறம், இன்று தேக்கா பிளேஸ் கடைத்தொகுதி நிற்கும் பக்கம் இருந்தது. சாலையோர வியாபாரிகளை நிரந்தரக் கடைகளுக்குள் குடியமர்த்தும் பணி 1970களிலும் 80களிலும் தீவு முழுவதும் நடந்தது. அந்தக் காலகட்டத்தில்தான் தேக்காவும் சாலையைக் கடந்தது. 1982ல் வியாபாரிகள் புதிய கட்டடத்துக்கு மாறினார்கள். மேலே வீவக வீடுகள், கீழே சந்தை.

புதிய கட்டடத்துக்கு ஜூஜியாவ் என்று பெயர் சூட்டப்பட்டது. மூங்கிலடி என்ற அதே பொருளை மாண்டரின் உச்சரிப்பில் எழுதிய பெயர் அது. மாண்டரின் பேசும் இயக்கம் 1979ல் தொடங்கியிருந்தது. பல இடப்பெயர்கள் மாண்டரின் ஒலிக்கு மாற்றி எழுதப்பட்ட நாள்கள் அவை.

பொருள் மாறவில்லை, ஒலி மட்டுமே மாறியது. ஆனால், சந்தைக்கு ஒலிதான் உயிர். தமிழ் அம்மாவின் நாவுக்கும் மலாய் மக்சிக்கின் நாவுக்கும் ஜூஜியாவ் பிடிபடவில்லை. ஹொக்கியன் பேசி வளர்ந்த சீனப் பாட்டிக்கும் அது அந்நியமாகவே இருந்தது. யாரும் கொடி பிடிக்கவில்லை. எல்லாரும் தேக்கா என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2000ஆம் ஆண்டில் கட்டடத்தின் அதிகாரபூர்வப் பெயர் தேக்கா நிலையம் என்று மாறியது.

சீனர் வைத்த ஒரு பெயரைத் தமிழர்களும் மலாய்க்காரர்களும் தங்கள் பெயராகவே வழங்கிக் காப்பாற்றியிருக்கிறார்கள். இந்த ஊரின் வரலாற்றில் இது சின்னச் செய்தியல்ல.

ஒரு மீனுக்கு மூன்று பெயர்

அந்தப் பழக்கம் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், காலை ஏழு மணிக்கு ஈரச்சந்தைக்குள் நுழையுங்கள். கண்ணைவிடக் காதுக்கு வேலை அதிகம். எலும்பில் விழும் கத்திச் சத்தம், ஈரத் தரையில் காலணிகளின் சளப்சளப், அதற்கு மேலே ஐந்தாறு மொழிகள்.

மீன் கடையில் தமிழர் கேட்கும் வஞ்சிரம், மலாய்க்காரருக்குத் தெங்கிரி, பக்கத்தில் நிற்பவருக்குப் பத்தாங். கொடுவாய் என்றாலும் சியாக்காப் என்றாலும் தராசில் ஏறுவது ஒரே மீன். நெத்திலியை நாமே பாதி நேரம் ஈக்கான் பிலிஸ் என்கிறோம். கணவாயைச் சோத்தோங் என்கிறோம். சீன வியாபாரி தமிழில் விலை சொல்வதும், தமிழ் வியாபாரி மலாயில் பேரம் பேசுவதும் இங்கே யாரையும் திரும்பிப் பார்க்க வைப்பதில்லை. எந்த வகுப்பிலும் கற்ற மொழியல்ல அது. மீனைக் குழம்புக்கா, பொரிக்கவா என்று கேட்டு, அதற்கேற்பத் துண்டு போடப் போட வந்த மொழி.

காய்கறிப் பக்கம் முருங்கைக்காயும் வாழைப்பூவும் சுண்டைக்காயும் ஒரு கூடையில். செராயும் லெங்குவாசும் பெத்தாயும் அடுத்த கூடையில். ஆட்டிறைச்சிக் கடைகளில் கால், தலை, ஈரல், குடல் என்று கேட்ட பாகத்தைக் கேட்ட அளவில் வெட்டித் தருகிறார்கள். பேரங்காடியின் பிளாஸ்டிக் தட்டில் நெஞ்செலும்பு கிடைக்கலாம். "பத்தியத்துக்கு" என்று சொன்னதும் புரிந்துகொண்டு எடுத்துத் தரும் ஆள் அங்கே கிடைக்கமாட்டார்.

பசித்தால் உணவங்காடிப் பக்கம் திரும்ப வேண்டியதுதான். அப்பமும் புட்டுமாயமும் பிரியாணியும் வாத்துச் சோறும் ஒரே கூரையின் கீழ். மீ கோரெங்கைக் கவனியுங்கள்: நூடல்ஸ் சீனருடையது, பெயர் மலாய், மசாலாவைச் சேர்த்துப் பிரட்டும் கை தமிழ் முஸ்லிமுடையது. மாடியில் சேலை, பஞ்சாபி உடைக் கடைகளும் தையல்காரர்களும் இருக்கிறார்கள். தீபாவளி நெருங்கினால் ரவிக்கை தைக்கக் கொடுப்பவர்கள் முன்கூட்டியே வந்துவிடுவது நல்லது.

அடுத்து யார்?

சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரம் 2020 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. நாம் மகிழ்ந்தோம். ஆனால், அந்தப் பெருமை பெரும்பாலும் சமைத்த உணவோடு நின்றுவிடுகிறது. அந்தச் சமையலுக்கு மீனும் இறைச்சியும் கறிவேப்பிலையும் தரும் ஈரச்சந்தையைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

மீன் வியாபாரியின் நாள் நள்ளிரவுக்குப் பிறகே தொடங்கிவிடுகிறது. ஜூரோங் மீன்பிடித் துறைமுகத்தின் மொத்தச் சந்தை சுறுசுறுப்பாக இருப்பது நாம் உறங்கும் நேரத்தில். காய்கறிகள் பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்தில் கைமாறுகின்றன. அங்கிருந்து சரக்கு வந்து, பனிக்கட்டி பரப்பி, அடுக்கி முடிப்பதற்குள் முதல் வாடிக்கையாளர் வந்துவிடுவார். நண்பகலுக்குப் பிறகு கழுவித் துடைத்து மூடவேண்டும். தலை நரைத்தவர்களே அதிகம் நிற்கும் இந்தக் கடைகளில், பட்டம் படித்த பிள்ளை வந்து நிற்கவேண்டும் என்று எந்தப் பெற்றோரும் எளிதில் கேட்கமாட்டார். அதைக் குறைசொல்லவும் முடியாது.

2023ல் சுத்திகரிப்பு, பழுதுபார்ப்புப் பணிகளுக்காகத் தேக்கா ஏறத்தாழ மூன்று மாதங்கள் மூடியிருந்தது. கட்டடம் புதுப்பொலிவுடன் திரும்பியது. கட்டடத்தைப் பழுதுபார்க்கலாம்; ஒரு கடைக்காரர் ஓய்வுபெற்றால் அவரோடு போகும் மீன் பெயர்களையும் வாடிக்கையாளர் பெயர்களையும் எந்தக் குத்தகையாளராலும் திரும்பக் கட்டித் தர முடியாது.

பெயரைக் காப்பாற்ற நமக்குச் செலவு ஏதும் ஆகவில்லை. சொன்னால் போதுமாக இருந்தது. சந்தையைக் காப்பாற்றச் சொன்னால் மட்டும் போதாது, வாங்க வேண்டும். கைப்பேசியில் தட்டினால் காய்கறி வீட்டு வாசலுக்கு வரும் காலத்தில், மாதம் ஒரு காலைப் பொழுதையாவது தேக்காவுக்கு ஒதுக்கலாம்.

போகிறவர்களுக்கு

லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்திலிருந்து பஃபலோ ரோடு வழியாக நடந்தால் சில நிமிடங்கள்தான். திங்கட்கிழமைகளில் பல ஈரச்சந்தைக் கடைகள் திறப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம் நெரியும். கடைக்காரரோடு நாலு வார்த்தை பேச ஆசைப்பட்டால் வாரநாள் காலையே நல்லது. வழுக்காத காலணியும் துணிப்பையும் கொண்டுபோங்கள். பிள்ளைகள் இருந்தால் அழைத்துச் செல்லுங்கள்; வீட்டுக் குழம்பில் நீந்தும் மீனுக்குத் தமிழில் என்ன பெயர் என்று அவர்களையே கடைக்காரரிடம் கேட்கச் சொல்லுங்கள்.