கார்டோஃபல் என்னும் பெயரின் வரலாறு

ஜெர்மன் மொழியில் உருளைக்கிழங்குக்குக் ‘கார்டோஃபல்’ என்பது பெயர். இச்சொல் இத்தாலியிலிருந்து வந்ததாகும். அங்கே மண்ணுக்குள் விளையும் ஒருவகைக் காளானுக்கு ‘டார்டூஃபொலோ’ என்னும் பெயர் வழங்கிற்று. தென் அமெரிக்காவிலிருந்து வந்த புதுக்கிழங்கும் மண்ணுக்குள் உருண்டு திரண்டிருந்தமையால், அக்காளானின் பெயரையே அதற்கும் இட்டனர். ஜெர்மானியர் முதலில் ‘டார்டூஃபல்’ என்றனர். டகரம் இருமுறை வருதலின், முதலிலுள்ளது நாளடைவில் ககரமாகத் திரிந்தது. 1756-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ஆம் தேதி, இக்கிழங்கின் பயனைக் குடியானவர்களுக்கு எடுத்துரைத்துப் பயிரிடச் செய்யுமாறு பிரஷ்ய அரசர் இரண்டாம் பிரெடெரிக் அதிகாரிகளுக்கு விடுத்த உத்தரவிலும் ‘டார்டோஃபல்’ என்றே காணப்படுகிறது.

ஆஸ்திரியாவில் இதனை ‘எர்டாப்ஃபல்’, அதாவது மண் ஆப்பிள் என்பர். ஜெர்மனியின் சில பகுதிகளில் ‘குருண்ட்பிர்னெ’, அதாவது நிலப் பேரிக்காய் என்பர்.

இம்மூன்று பெயர்களும் உணவாகும் பாகம் மண்ணுக்குள் உள்ளதென்பதையே காட்டுகின்றன. இஃது அற்ப விஷயமன்று. இச்செடியின் இலை, காய், முளை, வெளிச்சம் பட்டுப் பச்சையேறிய கிழங்கு ஆகியவற்றில் ஸோலனின் என்னும் நச்சுப்பொருள் உண்டு. ஆதலின், புதுப்பயிரைப் பரப்புவோர் விதையைக் கொடுத்தல் மட்டும் போதாது. உண்ணத்தக்க பாகம் எது, விலக்கத்தக்கது எது என்பதைக் குடியானவர்கள் அறிந்த சொற்களாலேயே விளக்கிக் காட்டுதல் அவசியமாகும்.