மண்ணுக்குள் இரும்பு தேடும் கருவி

இடம்பெயர்ந்து மீண்டு வந்த வன்னிக் குடும்பங்கள் பலவற்றுக்குத் தம் வளவின் பழைய அடையாளங்கள் மண்ணுக்குள்ளேதான் உள்ளன. எல்லையில் நட்ட இரும்புக் கம்பியையோ, கிணற்றடியிலிருந்து தோட்டத்துக்குச் சென்ற இரும்புக் குழாயையோ தோண்டாமலே கண்டறிய ஒரு கருவியை வீட்டிலே செய்துபார்க்க இளைஞர் எவரேனும் எண்ணுவாராயின் அது நல்ல எண்ணமே. ஆனால் எந்தக் காந்த உணரியை வாங்குவது என்பதில்தான் அவர் முதலில் இடறுவார்.

மலிவாகக் கிடைப்பது, 1879 இல் எட்வின் ஹோல் கண்ட விளைவினால் இயங்கும் சாதாரண உணரி. காந்தத் துண்டை அருகே கொண்டுவந்தால் நன்றாகக் காட்டும். புதைந்த குழாய்க்கோ அது செவிடு. மின்திசைகாட்டிச் சில்லுகள் ஒரு மைக்ரோரெஸ்லாவிலும் குறைந்த மாற்றத்தை உணரும். இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிகளைத் தேட உதவிய ‘பிளக்ஸ்கேற்’ காந்தமானியோ அதனிலும் ஆயிரத்திலொரு பங்கான நனோரெஸ்லாவையே அறியவல்லது. அதையே வாங்கிவிடலாமே என்பீர்கள். சற்றுப் பொறுங்கள்!

வன்னியில் பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 40,000 நனோரெஸ்லா. அதைத் தாங்காது திணறும் உணரி வேண்டாம். காந்த நடுக்கோட்டுக்கு அண்மையில் நாம் இருப்பதால் அப்புலம் இங்கே நிலத்தோடு நிலமாகப் படுத்திருக்கிறது. எனவே நிமிர்த்திப் பிடித்த உணரி வடக்குத் தெற்காக ஒரு பாகை சரிந்தாலே 700 நனோரெஸ்லா அளவுக்குப் பொய் சொல்லும். ஐரோப்பாவில் இத்தொல்லை ஏறக்குறையப் பாதிதான். கை நடுங்கும் வரை நுண்ணுணர்வினால் என்ன பயன்?

ஆதலின் மிக நுண்ணிய ஒன்றைவிட, நன்கு ஒத்த ஒரு சோடியையே நாம் தெரிவோம். மரத்தடியொன்றின் இரு முனைகளிலும் அவற்றை ஒரே நேராகப் பொருத்தி, வித்தியாசத்தை மட்டும் அளக்கவேண்டும். பூமியின் புலம் இரண்டிலும் ஒன்றாதலால் கழிந்துபோகும். சிறிய இரும்பின் விளைவு தூரம் இருமடங்கானால் எட்டிலொன்றாகக் குறையும். மேலுள்ள உணரி அதனை அதிகம் அறியாது. ஆணிகள் பித்தளையாக இருத்தல் நன்று.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். இக்கருவி இரும்பையும் உருக்கையுமே அறியும். மிதிவெடிகள் பல பிளாஸ்ரிக் உறையும் மிகச் சொற்ப உலோகமும் கொண்டவை. முகமாலையில் மிதிவெடி அகற்றுவோர் கையாண்ட கருவி, தானே காந்தப்புலத்தை எழுப்பி உலோகத்தின் மறுமொழியைக் கேட்பது. அது வேறு இனம். நமது கருவி மௌனமாக இருப்பதால் நிலம் பாதுகாப்பானது என்று எவரும் கால் வைக்கலாகாது. வெடிபொருள் அகற்றி ஒப்படைத்த காணியிலன்றி வேறெங்கும் இதைக் கொண்டு செல்லற்க. அங்கும் இன்னதென்று தெரியாத இரும்பு அகப்பட்டால் தோண்டாது பொலிசாருக்கு அறிவித்தல் வேண்டும்.

முதற் சோதனைக்கு முற்றத்து மணல்மேல் வைத்த மண்வெட்டி அலகொன்று போதும். இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்தை மட்டும் வீட்டினுள் வைத்துவிட்டு வருக.