ஒரு குறியில் இரு சொற்கள்

ஆங்கிலேயர் பேசும்பொழுது சொற்களைச் சுருக்கிக்கொள்வது வழக்கம். “ஹீ ஹாட்” என்பதும் “ஹீ வுட்” என்பதும் அவர்கள் வாயில் ஒன்றாகிவிடுகின்றன. எழுதும்பொழுதும் “ஹீ” என்பதன் பின் மேலே ஒரு சிறு குறியிட்டு, “டி” என்ற எழுத்தை மாத்திரம் சேர்த்து “ஹீ’ட்” என்று முடித்துவிடுவர். முன்னது முடிந்த செயலுக்கு உரியது. பின்னது நிகழவிருக்கும் செயலுக்கு உரியது. நம் மாணவர் பலர் இடறுவது இவ்விடத்திலேதான்.

குறியையே உற்றுநோக்கிப் பயனில்லை. அதனை அடுத்து வரும் வினையை நோக்குக. “ஹீ’ட் பெய்ட்” எனின் வினை முடிந்த செயலின் வடிவில் நிற்கிறது. ஆகவே விரிவது “ஹாட்”; அவன் முன்னரே பணம் செலுத்தியிருந்தான். “ஹீ’ட் பே” எனின் வினை திரியாது நிற்கிறது. ஆகவே “வுட்”, அவன் செலுத்துவான். கடன் கொடுத்தவருக்கு இவ்விரண்டிற்கும் உள்ள தூரத்தை நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை!

ஆயின் புட், கட், கம், ரன் முதலிய வினைகள் ஈரிடத்தும் ஒரே வடிவின. “ஹீ’ட் புட் த மணி இன் த பாங்க்” என்று ஒரு கடிதத்தில் வந்தால், பணம் வங்கிக்குப் போய்விட்டதா, இனித்தான் போகுமா? இலக்கணம் இங்கே கைவிரித்துவிடுகிறது. “ஆல்ரெடி” என்ற சொல் உடன்வரின் முன்னது. “இஃப்” எனத் தொடங்கும் தொடர் ஒட்டிவரின் பெரும்பாலும் பின்னது. இரண்டும் இல்லையாயின் முன்பின் வாக்கியங்களைக் கொண்டே துணிதல்வேண்டும். நன்னூல் கூறும் பொதுமொழியும் இத்தகையதே. “பலகை” என்பது மரப்பலகையா, பல கைகளா என்பதை இடமே சொல்லும்.

“பெட்டர்” என்ற சொல் இடையே புகுந்தால் விதி மாறிவிடும். “ஹீ’ட் பெட்டர் கோ” என்பதில் வினை திரியாது நின்றும் விரிவது “ஹாட்” தான். அவன் போவதே நன்று என்பது பொருள். “ஹீ’ட் ராதர் கோ” என்பதிலோ “வுட்”. அவன் போவதையே விரும்புவான். இவ்விரண்டையும் மனனஞ் செய்துவிடுவதே நலம் என்போம்.

“ஹீ’ஸ்” என்பதும் இவ்வாறே “இஸ்” எனவும் “ஹாஸ்” எனவும் விரியும். “ஹீ’ஸ் ஃபினிஷ்ட்” என்றால் அவன் வேலையை முடித்துவிட்டான் எனலாம். அவன் கதை முடிந்தது எனவும் கொள்ளலாம். பரீட்சை மண்டபத்தை விட்டு எல்லோருக்கும் முன்னே வெளியேறும் பிள்ளைக்குச் சிலவேளை இரண்டுமே பொருந்தும்.