பழைய ஹார்ன்பி ரயில் வாங்குவோர் கவனத்துக்கு

பிரிட்டனில் ஒரு ஹார்ன்பி பொம்மை ரயிலுக்குப் ‘போருக்கு முந்தையது’ (இரண்டாம் உலகப் போர்) என்று பெயர் விழுந்தால் விலை ஏறிவிடும். அதை விற்பவர் வாயால் சொன்னால் போதாது, பில்லில் எழுதித் தர வேண்டும். ஏமாந்தால் பணம் திரும்ப வருவது பெரும்பாலும் அந்த ஒரு வரியை நம்பித்தான்.

காலத்தை நீங்களும் சரிபாருங்கள். லிவர்பூல் மெக்கானோ நிறுவனம் 1920-இல் இந்த ரயில்களை விற்கத் தொடங்கியது. ஆரம்பகால என்ஜின்களை போல்ட், நட்டு போட்டு இணைத்திருப்பார்கள். எல்.எம்.எஸ்., எல்.என்.இ.ஆர். ரயில்வே நிறுவனங்கள் 1923-இல்தான் உருவாயின. அந்த எழுத்துள்ள வண்டியை 1920-இல் செய்தது என்றால் நம்பாதீர்கள். ‘பிரிட்டிஷ் ரயில்வேஸ்’ பிறந்ததோ 1948-இல். அந்தப் பெயரோடு தொழிற்சாலையை விட்டு வந்த வண்டி போருக்கு முந்தையதாக இருக்கவே முடியாது. அட்டைப்பெட்டியை மட்டும் நம்ப வேண்டாம்; பழைய பெட்டியில் வேறு வண்டியை வைத்து விற்பது எளிது. தகடுகளைக் கோக்கும் மடிப்பு நாக்குகளை டார்ச் அடித்துப் பாருங்கள். நாக்கை நிமிர்த்தி மீண்டும் மடக்கிய தழும்போ, இடுக்கில் தேங்கிய புதுப் பெயிண்டோ தெரிந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

பெரிய ஆபத்து துத்தநாக வார்ப்பில் இருக்கிறது. 1938-இல் வந்த ‘டப்ளோ’ என்ற ஹார்ன்பி வரிசை வண்டிகளின் அடிச்சட்டம் இந்த உலோகம்தான். வார்க்கும்போது சிறிதளவு ஈயம் கலந்திருந்தாலும் காலப்போக்கில் உலோகம் உள்ளிருந்தே அரித்து உப்பும். அடிச்சட்டத்தின் மேல் ஒரு ஸ்கேலை வையுங்கள். வளைந்திருக்கிறதா, மயிரிழை விரிசல் ஓடுகிறதா, ஓரம் பொருக்காக உதிர்கிறதா? இதற்கு மருந்தே கிடையாது. ஈரம் படாத இடத்தில் வைத்தால் சற்றுத் தாமதமாகும், அவ்வளவுதான். ஒட்டி, பூசி மறைத்து விற்பது பச்சைத் துரோகம்.

1925-இல் வந்த ஹார்ன்பி மெட்ரோபாலிடன் ரயிலின் உயர் மின்னழுத்த வகை, வீட்டு மின்சாரத்தையே ஒரு பல்பு வழியாகத் தண்டவாளத்துக்குக் கொண்டு வந்தது. அதை ஓட்டவே கூடாது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள்.

இனி சட்டம். கடைக்காரரிடம் வாங்கியது சொன்னபடி இல்லையென்றால், 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். கடைக்காரர் இணையத்தில் விற்றிருந்தால், கைக்கு வந்த 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் வேண்டாமென்று சொல்லும் உரிமையும் பொதுவாக உண்டு. தனிநபரிடம் வாங்கினால் ‘தரமாக இல்லை’ என்று வழக்காட முடியாது. ஆனால் அவர் தந்த விவரத்துக்குப் பொருள் பொருந்தியாக வேண்டும். நேரில் போய்ப் பங்கேற்கக்கூடிய பொது ஏலத்தில் பழைய பொருளை எடுத்தால் அந்த 30 நாள் உரிமை பொருந்தாது. பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். கை தூக்கும் முன் ஏல நிபந்தனைகளில் போலிப் பொருள் பற்றிய பிரிவைப் படித்துவிடுங்கள்.

விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்குள் என்றால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். கடைக்காரர் கைவிரித்தால் கார்டு நிறுவனத்திடமும் ஈடு கேட்கலாம். அதுவும் பலிக்காவிட்டால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்டு வரையிலான தொகைக்கு வக்கீல் இல்லாமலே சிறு வழக்கு தொடரலாம். விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட், பில், பார்சலைப் பிரித்த அன்றே எடுத்த படங்கள் மூன்றையும் பத்திரமாக வைத்திருங்கள்.