சேமக்காலையில் சிறுவர்

மேலைநாட்டுச் சிறுவர் பேய்வேடமிட்டு வீடுவீடாய் இனிப்புக் கேட்கும் ஹலோவீன், அக்டோபர் 31ஆம் நாளிரவில் வருவது. பேயாட்டமாகத் தோன்றினும், சகல புனிதர் திருநாளின் முன்னிரவே அது.

புத்தளம் மாவட்டக் கடலோரக் கத்தோலிக்கக் குடும்பங்கள், நவம்பர் 2ஆம் நாள் இறந்தோரை நினைந்து சேமக்காலைக்குச் செல்வது வழக்கம்; பிள்ளைகளும் உடன் செல்வர். மழைக்காலமாதலால் மெழுகுதிரி அணையாது காப்பதே பெரும்பாடு. அது சின்னஞ்சிறு கைகளுக்கு ஏற்ற வேலையுங்கூட. அஞ்சத்தக்க இடமென்று எண்ணிய மண்ணில், "இவர் உன் பூட்டனார்" என அறிமுகம் நிகழ்கிறது. அச்சம் தெளிய வேறு மருந்து வேண்டுமோ!

ஆயினும் ஒரு சங்கடம். சிலாபக் கரையில் பல குடும்பங்கள் இருபதாம் நூற்றாண்டிற் படிப்படியாகத் தமிழை விட்டுச் சிங்களத்துக்கு மாறின. பூட்டனாரின் கல்லறையில் தமிழெழுத்து இருக்குமாயின், அக்குடும்பத்துப் பிள்ளையால் அதைப் படிக்க இயலாது. முதியோர் எவரேனும் அருகிருந்து படித்துச் சொல்லவேண்டும்.