பழைய கம்ப்யூட்டரை யாரிடம் கொடுப்பது?

புதுக் கம்ப்யூட்டர் வாங்கி, டேபிளில் வைத்து, இன்டர்நெட் இணைப்பும் கொடுத்தாகிவிட்டது. பழையது எங்கே போகும்? முதலில் பரண் மேல். அடுத்த பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது பழைய இரும்புக்காரரின் வண்டியில். அதற்குப் பிறகு அது எங்கே போகிறது என்று நாம் கேட்பதில்லை. இந்த மாதம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. நல்ல நிலையில் இருக்கும் பல கம்ப்யூட்டர்களை இதைச் சொல்லியே ஒதுக்குகிறார்கள். அவசரப்படாதீர்கள். ஒரு எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் மின்ட் நிறுவினால் பிள்ளைகள் டைப் பழகவும், இணையம் பார்க்கவும் இன்னும் சில வருடம் ஓடும். அதற்கும் உதவாது என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

எங்கள் ஊர் பொட்டிபுரம், போடிநாயக்கனூர் பக்கம். நியூட்ரினோ ஆய்வகப் பேச்சு வந்த பிறகுதான் இப்படி ஓர் ஊர் இருப்பதே வெளியில் தெரிந்தது. போடியில் ஏலக்காய் ஏலம்கூட கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. ஆனால், கெட்டுப்போன கம்ப்யூட்டரை முறையாக எடுத்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்று எங்கள் தெருவில் விசாரித்தால் எல்லோரும் பழைய இரும்புக் கடையைத்தான் கை காட்டுகிறார்கள். வீட்டுக்கு வீடு சரக்கும் இருக்கிறது. 2006 முதல் அரசு கொடுத்த இலவச கலர் டிவி, 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப், போதாததற்கு நாமே வாங்கிய சிபியு.

பழைய இரும்புக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் வராவிட்டால் இதெல்லாம் ஓடைக்கரையில்தான் கிடக்கும். ஆனால் அவர் கேட்பதைக் கவனியுங்கள். "சிபியு மட்டும் குடுங்க தம்பி, அந்த மானிட்டர் வேணாம்" என்பார். மதர்போர்டில் தாமிரமும் துளித் தங்கமும் உண்டு. பழைய குண்டு மானிட்டரின் கண்ணாடியிலோ ஈயம். ஒன்றுக்குக் காசு கிடைக்கும், மற்றதற்குக் கிடைக்காது.

அந்தத் தங்கத்தை எடுப்பதற்கு நல்ல வழியும் இருக்கிறது, கெட்ட வழியும் இருக்கிறது. ஜப்பானில் 2017 முதல் 2019 வரை பொதுமக்களிடம் சுமார் 62 லட்சம் பழைய மொபைல் போன்களும், லேப்டாப் போன்ற மற்ற சாதனங்களும் திரட்டினார்கள். அவற்றிலிருந்து 32 கிலோ தங்கம் எடுத்து டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களுக்குப் பயன்படுத்தினார்கள். இது நல்ல வழி. உத்தரப்பிரதேசத்தின் மொராதாபாத்தில் போர்டுகளை எரித்தும் ஆசிடில் கழுவியும் உலோகத்தைப் பிரித்தார்கள். ராமகங்கா ஆற்றங்கரையில் கறுப்புச் சாம்பல் குவிந்தது. எங்கள் கொட்டக்குடி ஆறு குரங்கணி மலையில் பிறந்து, போடி வழியாக ஓடி, கடைசியில் வைகை அணைக்குப் போய்ச் சேர்கிறது. மதுரைக்கே குடிதண்ணீர் அங்கிருந்து போகிறது. இந்தக் கரையில் ஒருவர் வயரைக் கொளுத்தினால் அது எத்தனை பேர் சமாச்சாரம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, யாரிடம் கொடுப்பது? இந்தியாவில் இதற்கென்று முதலில் வந்தது 2011-ஆம் ஆண்டு விதி. இப்போது நடைமுறையில் இருப்பது 2022-இல் அறிவித்து, 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த விதி. இதன்படி ரீசைக்கிள் செய்யும் நிறுவனம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இ-வேஸ்ட் போர்ட்டலில் பதிவு செய்திருக்க வேண்டும். "நாங்கள் ஐஎஸ்ஓ கம்பெனி, ஜிஎஸ்டி இருக்கிறது" என்று நோட்டீஸ் அடித்திருந்தால் மயங்காதீர்கள். அவை வேறு விஷயம். பதிவுச் சான்றிதழின் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். உண்மையான நிறுவனத்துக்கு அது இரண்டு நிமிட வேலை.

அடுத்து நான் கேட்கச் சொல்லும் கேள்வி, "குண்டு மானிட்டரும் உப்பிப்போன லேப்டாப் பேட்டரியும் சேர்த்து எடுப்பீர்களா?" என்பது. இதை முக்கியமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புதிய விதியில் ரீசைக்கிள் நிறுவனங்களுக்குக் கிடைக்கும் சான்றிதழ்கள் தங்கம், தாமிரம், இரும்பு, அலுமினியம் ஆகிய நான்கு உலோகங்களைக் கணக்கிட்டே தரப்படுகின்றன. அந்தச் சான்றிதழ்களைத்தான் கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். ஈயக் கண்ணாடிக்கு அந்த வரவு இல்லை. எனவே பதிவு பெற்ற நிறுவனமும் அதைத் தட்டிக்கழிக்கப் பார்க்கலாம். அதிக விலை தருகிறவரைவிட, குறைந்த விலைக்காவது எல்லாவற்றையும் எடை போட்டு ரசீதோடு எடுப்பவரைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

மலையடிவார ஊர்க்காரர்களுக்கு ஒரு சிக்கல். தமிழ்நாட்டில் இந்த நிறுவனங்களில் பெரும்பாலானவை சென்னையைச் சுற்றித்தான் இருக்கின்றன. நான் போன் செய்தபோது எல்லோரும் முதலில் கேட்டது "எத்தனை கிலோ?" என்றுதான். ஒரு சிபியுவுக்காக வண்டி அனுப்பினால் டீசலுக்கே கட்டாது. எங்கள் தெருவில் பதினோரு வீட்டுச் சாமான்களை ஒரே அறையில் சேர்த்த பிறகுதான் பேச்சு நகர்ந்தது. எஸ்டேட் குடியிருப்பு, பள்ளிக்கூடம், கம்ப்யூட்டர் சென்டர் என்று கூட்டாகச் சேர்த்தால் வேலை சுலபம். ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால் டெல், எச்பி, லெனோவா போன்ற நிறுவனங்களின் வெப்சைட்டில் ரீசைக்கிளிங் பக்கத்தைப் பாருங்கள். தங்கள் பொருளைத் திரும்பப் பெறும் ஏற்பாடு பற்றி அங்கே பார்க்கலாம்.

கொடுப்பதற்கு முன் ஹார்ட் டிஸ்க்கை மறக்க வேண்டாம். ஃபைல்களை டெலீட் செய்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தால் போதாது. அவற்றை மீட்டெடுக்க சாஃப்ட்வேர்கள் உண்டு. 2009-இல் கானா நாட்டுச் சந்தையில் பத்திரிகையாளர்கள் வாங்கிய ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில் அமெரிக்க ராணுவத் தளவாட நிறுவனம் ஒன்றின் ஒப்பந்த ஆவணங்கள் இருந்தன. நம் டிஸ்க்கில் ஆதார் நகலும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் இருக்கும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸில் ரிக்கவரி பகுதிக்குப் போய் ரீசெட் திஸ் பிசி என்பதை க்ளிக் செய்யுங்கள். ரிமூவ் எவ்ரிதிங் தேர்ந்தெடுத்து, சேஞ்ச் செட்டிங்ஸில் க்ளீன் டேட்டா என்பதை ஆன் செய்யுங்கள். பல மணி நேரம் ஆகும், இரவில் ஓடவிடுங்கள். கம்ப்யூட்டர் ஆனே ஆகவில்லை என்றால் டிஸ்க்கைக் கழற்றி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் ஒரு யூஎஸ்பி கேஸில் போட்டு பேக்கப்புக்குப் பயன்படுத்தலாம்.

குண்டு மானிட்டரையும் டிவியையும் மட்டும் ஸ்க்ரூடிரைவர் கொண்டு திறக்க வேண்டாம். மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். உப்பிய லேப்டாப் பேட்டரியைக் குத்தவோ, குப்பைத் தொட்டியில் போடவோ கூடாது, தீப்பிடிக்கும். யூபிஎஸ் பேட்டரிக்கு இவ்வளவு அலைச்சல் தேவையில்லை. புதுப் பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளலாம்.